வாடைக்காற்றுத் தொகுதி

கனடாவின் ஒன்ராறியோ மாகாண அரசு அச்சிடும் சாலை வரைபடத்தை விரித்தால் முதலில் கண்ணில் படுவது தெற்கு. ரொறன்ரோ, ஒட்டாவா, லண்டன், நயாகரா என்று ஊர்கள் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நிற்கும். தாளைப் புரட்டினால் மறுபக்கத்தில் வடக்கு. தெற்கைவிடப் பன்மடங்கு பெரிய நிலம் அதே அளவுத் தாளில் அடங்க வேண்டும் என்பதால், அங்கே அளவுகோலைச் சுருக்கிவிட்டார்கள். நம் சனம் வாழும் ரொறன்ரோவின் ஸ்காபரோவில் இரண்டு விரற்கடை என்பது ஒரு வேலைநாளின் பயணம். வடக்குப் பக்கத்தில் அதே இரண்டு விரற்கடைக்குள் பெயர் தெரியாத நூறு ஏரிகள் கிடக்கும். 599ஆம் நெடுஞ்சாலையை விரலால் பிடித்துக்கொண்டு மேலே போனால் பிக்கிள் லேக் என்ற சிற்றூரில் கோடு நின்றுவிடுகிறது. மாகாண நெடுஞ்சாலை வடக்கே தொடும் கடைசிப் புள்ளி அது. அதற்கு மேலே நீலத் திட்டுகள், ஆறுகள், அவற்றின் கரைகளில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில பெயர்கள்.

அந்தப் பெயர்களுக்காக ரொறன்ரோ குயின்ஸ் பார்க்கில் உள்ள சட்டமன்றத்தில் ஒரு நாற்காலி இருக்கிறது. தொகுதியின் பெயர் கீவேட்டினூங். பரப்பு ஏறக்குறைய 2,94,000 சதுர கிலோமீட்டர். இலங்கைத் தீவை நான்கு தடவைக்கு மேல் அதற்குள் வைக்கலாம். மக்கள்தொகையோ 2016 கணக்கெடுப்பின்படி 33,000ஐக்கூட எட்டவில்லை. ரொறன்ரோவின் நாலைந்து அடுக்குமாடித் தொகுப்புகளைக் கூட்டினால் கிடைக்கும் சனம்.

பெயரின் பொருள் எனக்குப் பிடித்தமானது. கீவேட்டின் என்றால் அந்த நிலத்துப் பூர்வகுடி மொழியில் வடகாற்று, நம் மொழியில் வாடை. அந்தச் சொல்லைப் பிரித்தால் ‘வீடு திரும்பும் காற்று’ என்று வரும் என்பார்கள் அந்த மொழிக்காரர்கள். நம் பழம்பாட்டுகளில் வாடை பிரிந்திருப்பவர்களை வாட்டுவது. அங்கே அதுவே வீட்டுக்குப் போகிற காற்று.

2018 முதல் அந்த நாற்காலியில் இருப்பவர் சோல் மமாக்வா. கிங்ஃபிஷர் லேக் என்ற முதற்குடிச் சமூகத்தைச் (First Nations, கனடாவின் பூர்வகுடிகளில் ஒரு பிரிவு) சேர்ந்தவர், புதிய ஜனநாயகக் கட்சிக்காரர். 2018, 2022, 2025 என்று மூன்று பொதுத்தேர்தல்களில் அடுத்தடுத்து வென்றவர். கட்சியின் துணைத் தலைவர்களில் ஒருவராகவும் ஆனவர். 124 பேர் கொண்ட அவையில் அவர் மட்டுமே முதற்குடியைச் சேர்ந்தவர். அவருடைய கட்சி ஒரு நாளும் அவர் காலத்தில் ஆட்சியில் இருந்ததில்லை. அதாவது, அவர் எதிர்த்து வாக்களித்ததால் ஒரு சட்டமும் நின்றுபோனதில்லை. அப்படியானால் அவர் அங்கே என்னதான் செய்கிறார் என்பதே இந்தக் கட்டுரையின் கேள்வி.

தொகுதி பிறந்த கதையிலிருந்து தொடங்கலாம். 2018 தேர்தலுக்கு முன்புவரை இந்த நிலம் கெனோரா–ரெய்னி ரிவர் என்ற பெருந்தொகுதியின் தலைப்பகுதி. வாக்குகள் இருந்ததோ அடியில், அமெரிக்க எல்லையோரத்து ஊர்களில். வேட்பாளர்களும் அங்கேதான் சுற்றுவார்கள். 2016இல் நிறைவேறிய ஒரு சட்டம் தூர வடக்குக்கென்று தனி எல்லை நிர்ணய ஆணையத்தை அமைத்தது. 2017இல் அது அறிக்கை தந்தது: இருந்த இரண்டு வடக்குத் தொகுதிகளை உடைத்து நான்காக்குங்கள். அதில் பிறந்தவை கீவேட்டினூங்கும் மஷ்கெகோவுக்–ஜேம்ஸ் பேயும். கீவேட்டினூங்கில் மூன்றில் இரண்டு பங்கினர் பூர்வகுடிகள். பூர்வகுடிகள் பெரும்பான்மையாக இருக்கும் தொகுதி ஒன்ராறியோவில் இது ஒன்றே.

இதில் ஒரு கணக்குச் சிக்கல் உண்டு. மாகாணத்தில் ஒரு தொகுதிக்குச் சராசரியாக ஒரு இலட்சத்துக்கு மேல் மக்கள். கீவேட்டினூங்கில் அதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. அப்படியென்றால் அங்கே விழும் ஒரு வாக்கு, ஸ்காபரோவில் நாம் போடும் மூன்று வாக்குக்குச் சமம் ஆகிறதே, இது எந்த ஊர் நியாயம் என்று ஒருவர் கேட்டால் அது முட்டாள்தனமான கேள்வி அல்ல. கனடிய உச்ச நீதிமன்றம் 1991இல், சஸ்காச்சுவான் தொகுதி எல்லைகள் பற்றிய வழக்கில், இதற்குப் பதில் சொல்லிவிட்டது. அரசமைப்பு உறுதி செய்யும் வாக்குரிமையின் நோக்கம் தலைக்கணக்கில் சமத்துவம் மட்டும் அல்ல, பயனுள்ள பிரதிநிதித்துவம் என்றது அந்தத் தீர்ப்பு. நிலப்பரப்பு, சமூக வரலாறு, சிறுபான்மையினரின் நிலை ஆகியவற்றையும் எண்ணித் தொகுதி வகுக்கலாம்.

என் பார்வையில் அந்தத் தீர்ப்பு சரி. இன்னொரு காரணமும் சேர்த்துக்கொள்வேன். ஒன்ராறியோ முதற்குடிகளுக்கு மாகாணத் தேர்தலில் முழு வாக்குரிமை கிடைத்தது 1954இல்தான். கூட்டாட்சித் தேர்தலில் 1960இல். அதற்கு முன் வாக்கு வேண்டுமென்றால் சட்டப்படி ‘இந்தியன்’ என்ற தகுதியைத் துறக்க வேண்டியிருந்தது. தங்கள் நிலத்தில் தாங்களே அந்நியராக இருந்தவர்கள் அரை நூற்றாண்டுக்கு மேல் கழித்து ஒரு தொகுதி பெற்றார்கள். அதில் தலைக்கணக்கு பார்ப்பது கொஞ்சம் கூச்சமான வேலை.

சட்டம் தரும் வாக்குக்கும் கையில் கிடைக்கும் வாக்குக்கும் நடுவே தூரம் இருக்கிறது. 2021 செப்டம்பர் கூட்டாட்சித் தேர்தலில் இதே வட்டாரத்தில் நடந்ததைப் பாருங்கள். வாக்களிப்பு நாள் வேட்டைப் பருவத்தில் விழுந்தது. ஊர் காடேறியிருக்கும் என்பதால் முன்கூட்டிய வாக்குப்பதிவு ஏற்பாடானது. ஆனால் தேர்தல் நாளன்று பிக்கான்ஜிகம், பாப்ளர் ஹில், கேட் லேக் ஆகிய மூன்று ஊர்களில் வாக்குச்சாவடியே இல்லை. அன்று வாக்களிக்க இருந்தவர்கள் வாக்களிக்காமலே இருந்துவிட்டார்கள். தேர்தல் தேதியைத் தெற்கின் நாட்காட்டி தீர்மானிக்கிறது. மூஸ் மான் அந்த நாட்காட்டியைப் பார்ப்பதில்லை.

சட்டமன்றம் கூடும் வாரங்களில் திங்கள் முதல் வியாழன் வரை அவை நடக்கும். தெற்கத்தி உறுப்பினர் மாலையில் வீட்டுக்குப் போய்ச் சோறு சாப்பிடலாம், வெள்ளிக்கிழமை தொகுதி அலுவலகத்தைத் திறக்கலாம். மமாக்வாவின் தொகுதி அலுவலகம் சூ லுக்கவுட்டில். அதுவும் ரெட் லேக், இயர் ஃபால்ஸ், பிக்கிள் லேக் போன்றவையும் சாலை எட்டும் ஊர்கள். மற்ற பெரும்பாலான சமூகங்களுக்குச் சிறு விமானம் வேண்டும். சனவரி முதல் மார்ச் வரை மட்டும் இன்னொரு வழி திறக்கும்: பனியை இறுக்கி, ஏரிகளின் உறைந்த முதுகின் மேல் போடும் குளிர்காலப் பாதை. ஒன்ராறியோவில் இப்படி 3,000 கிலோமீட்டருக்கு மேல் உண்டு. ஆண்டு முழுவதற்கும் வேண்டிய டீசல், வீடு கட்டும் மரம், கனத்த யந்திரங்கள் எல்லாம் அந்தச் சில வாரங்களில்தான் லாரியில் வந்து சேர வேண்டும். ஐஸ் போதிய கனம் பிடிக்காவிட்டால் லாரியில் அரைச் சுமை. அதுவும் தாங்காவிட்டால் விமானம், அதற்கு விமானத்தின் விலை. 2024 பிப்ரவரியில் வெயில் முந்திக்கொண்டது. பாதைகள் உருகின. வடக்குத் தலைவர்கள் அவசரநிலை அறிவித்தார்கள்.

சரி, பாதையும் தண்ணீரும் பள்ளியும் மருத்துவமனையும் யார் பொறுப்பு? மமாக்வாவின் வேலை கடினமாவதன் வேர் இங்கேதான் இருக்கிறது. 1867 அரசமைப்புச் சட்டத்தின் 91ஆம் பிரிவு, 24ஆம் உட்பிரிவு, ‘இந்தியர்களும் இந்தியர்களுக்கென ஒதுக்கிய நிலங்களும்’ ஒட்டாவாவின், அதாவது மத்திய அரசின், கையில் என்கிறது. அதே அரசமைப்பு காட்டையும் கனிமத்தையும் பொது மருத்துவமனைகளையும் மாகாணத்திடம் கொடுத்துவிட்டது. இதனால் சுற்றியுள்ள நிலம் ரொறன்ரோவுக்கு, அதன் நடுவே திட்டாகக் கிடக்கும் ஊர் ஒட்டாவாவுக்கு. ஊருக்குள் குழாய் வெடித்தால் அது மாகாணத்தின் தலைவலி அல்ல. ஊருக்கு வெளியே தங்கம் கிடைத்தால் அது மாகாணத்தின் வருமானம். சட்டமன்றத்தில் மமாக்வா எழுந்து எதைக் கேட்டாலும் அமைச்சருக்கு ஒரு பதில் எப்போதும் தயாராக இருக்கும்: இது மத்திய அரசின் பொறுப்பு, மாண்புமிகு உறுப்பினர் ஒட்டாவாவிடம் கேட்கட்டும்.

இதற்கு அவர் பக்கம் இருக்கும் பதில் ஒப்பந்தம். ஜேம்ஸ் பே ஒப்பந்தம் எனப்படும் ஒன்பதாம் ஒப்பந்தம் 1905–06இல் கையெழுத்தானது; 1929–30இல் மேலும் வடக்கே இருந்த சமூகங்களும் இணைக்கப்பட்டன. முதற்குடிகளோடு எண்ணிட்டுச் செய்த ஒப்பந்தங்களில் இது ஒரு தனிப்பிறவி. மற்றவை மன்னருக்கும் முதற்குடிகளுக்கும் இடையே ஒட்டாவா வழியாக நடந்தவை. இதில் ஒன்ராறியோ மாகாணமும் ஒரு தரப்பு. மூன்று ஆணையர்கள் படகேறிப் போனார்கள். அவர்களில் டேனியல் ஜார்ஜ் மக்மார்ட்டின் ஒன்ராறியோ நியமித்தவர். அவர் எழுதிவைத்த நாட்குறிப்பு பின்னாளில் வெளிச்சத்துக்கு வந்தபோது, வேட்டையும் மீன்பிடியும் எப்போதும்போல் தொடரும் என்று வாயால் சொல்லப்பட்டதும், காகிதத்தில் எழுதியதும் ஒன்றல்ல என்பதற்கு அது சான்றாக எடுத்துக்காட்டப்பட்டது. காகிதத்தில் இருந்ததோ, நிலத்தை ‘விட்டுக்கொடுத்து, ஒப்படைத்து’ என்ற வழக்கறிஞர் நடை. கையெழுத்திட்ட அன்று தலைக்கு 8 டொலர், அப்புறம் ஆண்டுதோறும் 4 டொலர். அந்த 4 டொலர் இன்றும் 4 டொலர்தான். ரொறன்ரோவில் அதற்கு ஒரு கோப்பி வாங்கலாம். கூடவே வடை கிடைக்காது.

ஆகவே ‘ஒட்டாவாவிடம் கேள்’ என்று மாகாணம் சொல்லும்போது, ‘நீயும்தானே கையெழுத்திட்டாய்’ என்று திருப்பிக் கேட்க அந்த அவையில் ஓர் ஆள் வேண்டியிருக்கிறது. இதை அவர் எட்டு ஆண்டாகச் சலிக்காமல் செய்கிறார். முதல்முறை கேட்பவருக்கு அது ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பப் பாடுவதாகத் தோன்றும். அவைக்குறிப்பில் அது ஏறிக்கொண்டே போகிறது என்பதுதான் விஷயம். அரசு பின்னாளில் ‘எங்களுக்குத் தெரியாது’ என்று சொல்லும் வழியை ஒவ்வொரு கேள்வியும் ஒரு கல் வைத்து அடைக்கிறது.

மருத்துவத்தை எடுத்துக்கொள்ளுங்கள். முப்பதுக்கு மேற்பட்ட முதற்குடிச் சமூகங்களுக்குப் பெரிய ஆஸ்பத்திரி சூ லுக்கவுட்டில் இருக்கிறது. கர்ப்பிணிகள் பேறுகாலத்துக்குச் சில வாரம் முன்பே விமானமேறி அங்கே வந்து, தெரியாத ஊரில் வலிக்காகக் காத்திருப்பார்கள். பிள்ளை எட்டாம் வகுப்பு முடித்தால் அடுத்த பிரிவு. பல ஊர்களில் உயர்நிலைப் பள்ளி இல்லை. பதின்மூன்று, பதினான்கு வயதில் வீட்டைவிட்டு சூ லுக்கவுட்டுக்கோ தண்டர் பேக்கோ போய் அறிமுகமில்லாத வீட்டில் தங்கிப் படிக்க வேண்டும். அப்படித் தண்டர் பேக்கு வந்த மாணவர்களில் ஏழு பேர் 2000க்கும் 2011க்கும் இடையில் இறந்தார்கள். அது பற்றிய மரண விசாரணை 2016இல் 145 பரிந்துரைகளுடன் முடிந்தது. முதுமையில் மூன்றாவது பிரிவு: சூ லுக்கவுட்டில் இருக்கும் முதியோர் நீண்டகாலப் பராமரிப்பு இடங்கள் 20. மேலும் 76 இடங்கள் என்ற வாக்குறுதி நெடுங்காலம் காகிதத்தில் கிடந்தது. இடம் கிடைக்காத பாட்டி தண்டர் பேக்கோ இன்னும் தெற்கேயோ போவார். அங்கே தாதியின் மொழி அவருக்குத் தெரியாது, அவர் மொழி தாதிக்குத் தெரியாது. நம்மில் பலருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஸ்காபரோவில் தமிழ் தெரிந்த ஆள் இருக்கும் முதியோர் இல்லத்துக்காகக் காத்திருந்த குடும்பங்களுக்குத் தெரியும்.

மொழி என்றதும் 2024 மே 28க்கு வரவேண்டும். ஒன்ராறியோ சட்டமன்றத்தின் நிலையியற் கட்டளைப்படி அவையில் ஆங்கிலத்திலோ பிரெஞ்சிலோதான் பேசலாம் என்று இருந்தது. அவ்வாண்டு மார்ச்சில் அரசே தீர்மானம் கொண்டுவந்து அதைத் திருத்தியது: கனடாவில் பேசப்படும் எந்தப் பூர்வகுடி மொழியிலும் உறுப்பினர் பேசலாம். இரண்டு மாதம் கழித்து மமாக்வா எழுந்து தன் தாய்மொழியில் பேசினார். அனிஷினினீமொவின் என்பது அதன் பெயர். ஆங்கிலத்தில் ஓஜி-கிரீ என்பார்கள். பேசத் தெரிந்தவர்கள் சுமார் 15,000 பேர். பார்வையாளர் மாடத்தில் அவருடைய தாயாரும் உறவினரும் ஊர் முதியவர்களும். ஆங்கிலமும் பிரெஞ்சும் அல்லாத ஒரு மொழி அந்த அவையில் முறைப்படி மொழிபெயர்க்கப்பட்டு அவைக்குறிப்பிலும் ஏறியது அதுவே முதல்முறை. தங்கள் மொழியைப் பேச விடப்படாமல் போனவர்களுக்காகவும் பேசுகிறேன் என்றார். அவரும் வதிவிடப் பள்ளியில் இருந்து வந்தவர். கனடா முழுவதும் சுமார் 1,50,000 பூர்வகுடிப் பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து வைத்திருந்த பள்ளிகள் அவை. தாய்மொழியைப் பேசினால் தண்டனை என்பது அங்கே வழக்கம்.

பேச்சு முடிந்ததும் அவை எழுந்து கைதட்டியது. அதற்குப் பிறகு கேள்வி நேரத்தில் அவர் என்ன கேட்டார் என்பதைத்தான் நான் பெரிதாக எடுத்துக்கொள்கிறேன். தன் மொழியில், முதல்வர் டக் ஃபோர்டிடம், சூ லுக்கவுட் முதியோர் இல்லம் என்னவாயிற்று என்று கேட்டார். வரலாற்றுத் தருணத்தில் வரலாற்று வசனம் பேசலாம். அவர் படுக்கைக் கணக்கைக் கேட்டார். அன்று காதில் கேட்பொறியை மாட்டிக்கொண்டு மொழிபெயர்ப்புக்காகக் காத்திருந்தவர்கள் முதல்வரும் அமைச்சர்களும். மொழி தெரியாத முதியோர் இல்லத்தில் ஒரு பாட்டி எப்படி உட்கார்ந்திருப்பார் என்பது அந்தச் சில நிமிடங்களுக்கு அவர்களுக்கும் கொஞ்சம் புரிந்திருக்கலாம்.

அந்த மொழியின் எழுத்தைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை சொல்லாமல் போக மனமில்லை. 1840ஐ ஒட்டி நார்வே ஹவுஸில் ஜேம்ஸ் எவன்ஸ் என்ற பாதிரியார் உருவாக்கி அச்சிட்டதாக ஏடுகள் சொல்லும். அது எங்களுக்கே அருளப்பட்டது என்று கிரீ மக்களின் வாய்மொழி மரபு சொல்லும். தமிழில் மெய்யோடு உயிர் சேரும்போது காலோ கொம்போ ஒட்டவைக்கிறோம். அவர்கள் எதையும் ஒட்டுவதில்லை, எழுத்தையே திருப்பிவிடுகிறார்கள். ஒரு முக்கோணம் மேலே நோக்கினால் ‘பி’, கீழே நோக்கினால் ‘பே’, வலப்பக்கம் திரும்பினால் ‘போ’, இடப்பக்கம் ‘ப’. ஒரே வடிவத்தை நான்கு திசையில் சுழற்றினால் ஒரு வரிசை முடிந்தது. மெய்யுக்கு ஒரு வடிவம் தெரிந்தால் போதும், சில நாட்களில் படித்துவிடலாம். காட்டிலும் படகிலும் ஒருவருக்கொருவர் கற்றுக்கொடுத்தே அது அந்த நிலம் முழுவதும் பரவியது.

இதே அவையில் இரண்டு தமிழர்களும் இருக்கிறார்கள். விஜய் தணிகாசலமும் லோகன் கணபதியும் மமாக்வா நுழைந்த அதே 2018 தேர்தலில் ஆளும் கட்சி சார்பில் நுழைந்தவர்கள். அப்படியானால் தமிழிலும் விவாதிக்க இடம் கேட்கலாமே என்று ஓர் எண்ணம் நம் கூட்டங்களில் எழக்கூடும். விதி பூர்வகுடி மொழிகளுக்கு மட்டும்தான், அப்படியே இருக்கட்டும் என்பேன். தமிழ் பேசும் சட்டமன்றம் சென்னையில் இருக்கிறது, தமிழ் ஒலிக்கும் பாராளுமன்றம் கொழும்பில் இருக்கிறது. அனிஷினினீமொவினுக்குப் போக வேறு ஊர் இல்லை. ஒன்ராறியோவின் வடக்கிலும் அதை ஒட்டிய மனிட்டோபா ஓரத்திலும் அது அடங்கினால் உலகத்திலேயே அடங்கியது.

மனிட்டோபா என்றதும் எலைஜா ஹார்ப்பரைச் சொல்லாமல் தீராது. ரெட் சக்கர் லேக் என்ற ஊரைச் சேர்ந்த அவரும் இதே ஓஜி-கிரீ மக்களில் ஒருவர்; 1981 முதல் மனிட்டோபா சட்டமன்றத்தில் ரூபர்ட்ஸ்லாந்து என்ற வடக்குத் தொகுதியின் உறுப்பினர். 1990 ஜூனில் மீச் லேக் உடன்படிக்கை அந்த அவைக்கு வந்தது. கியூபெக்கைத் தனித்தன்மை கொண்ட சமூகமாக அரசமைப்பில் ஏற்கும் திட்டம் அது. பூர்வகுடிகளை யாரும் கேட்கவில்லை. ஜூன் 23க்குள் எல்லா மாகாணங்களும் ஏற்க வேண்டும் என்பது கெடு. நேரம் போதாததால் வழக்கமான முன்னறிவிப்பு நாட்களைத் தள்ளிவைக்க அவையின் ஒருமித்த சம்மதம் தேவைப்பட்டது. ஜூன் 12 அன்று சபாநாயகர் கேட்டார். கழுகிறகு ஒன்றைக் கையில் பிடித்தபடி ஹார்ப்பர் ‘இல்லை’ என்றார். அதற்கடுத்த நாட்களிலும் அதையே சொன்னார். பிரதமரும் முதல்வர்களும் மூன்று ஆண்டாகக் கட்டிய ஏற்பாடு, குரலை உயர்த்தாத ஒருவரின் ஒற்றைச் சொல்லில் கெடு தாண்டிப் போயிற்று. நியூஃபவுண்லாந்தும் வாக்கெடுப்பைக் கைவிட்டது. அதோடு உடன்படிக்கை செத்தது.

ஹார்ப்பரை நினைவில் வைத்துக்கொண்டு மமாக்வாவைப் பார்ப்பவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். ஹார்ப்பருக்கு விதிப்புத்தகத்தில் ஓர் ஓட்டை கிடைத்தது: ஒருமித்த சம்மதம். பெரும்பான்மை அரசு சாதாரணச் சட்டமூலம் கொண்டுவரும்போது அந்த ஓட்டை இல்லை. வடக்கே, இனுயிட் என்ற பூர்வகுடி மக்களே பெரும்பான்மையாக இருக்கும் நுனாவுட்டில் அவையையே வேறு மாதிரி அமைத்துக்கொண்டார்கள். 1999இல் பிறந்த அந்த ஆட்சிப்பகுதியில் கட்சிகளே கிடையாது. 22 உறுப்பினர்களும் சுயேச்சைகள், முதல்வரைத் தங்களுக்குள்ளிருந்து தேர்ந்தெடுப்பார்கள், இனுக்டிட்டுட் அவையின் மொழிகளில் ஒன்று. ஒன்ராறியோவில் 124இல் ஒருவராக இருப்பவருக்கு அந்த வசதி இல்லை.

2021 மார்ச்சில் நடந்தது ஓர் உதாரணம். கொரோனாத் தடுப்பூசிக்குத் தயங்கிய ஊர்களில் நம்பிக்கை ஊட்டுவதற்காக, மஸ்க்ரட் டாம் சமூகத்தின் அழைப்பின்பேரில் மமாக்வா அங்கே போய் ஊசி போட்டுக்கொண்டிருந்தார். தெற்கில் வாழும் பூர்வகுடிகளுக்குத் தடுப்பூசி எப்போது என்று அவர் அவையில் கேட்டபோது, நீர் வரிசையைத் தாண்டி ஊசி போட்டவர்தானே என்று முதல்வர் திருப்பி அடித்தார். பின்பு தொலைபேசியில் மன்னிப்புக் கேட்டார். கேள்விக்கான பதில் அன்று அந்தச் சத்தத்தில் போயிற்று.

2025இல் வந்தது ஐந்தாம் சட்டமூலம். ஏப்ரலில் அறிமுகமாகி ஜூன் 5 அன்று நிறைவேறியது. அரசு சில நிலங்களைச் ‘சிறப்புப் பொருளாதார வலயம்’ என்று அறிவித்து, அங்கே மாகாணச் சட்டங்களையும் உள்ளூர் விதிகளையும் தளர்த்த அது வழி செய்கிறது. குறி எங்கே என்பதில் ஒளிவுமறைவு இல்லை: தண்டர் பேயிலிருந்து சுமார் 500 கிலோமீட்டர் வடகிழக்கே, குரோமைட்டும் நிக்கலும் கிடக்கும் ‘ரிங் ஆஃப் ஃபயர்’. விவாதம் கொதித்த நாட்களில், முதல்வர் முதற்குடிகளிடம் உண்மையல்லாததைச் சொல்கிறார் என்றார் மமாக்வா. அவை மரபுப்படி ஓர் உறுப்பினர் இன்னொருவரைப் பொய் சொல்பவர் என்று குறிப்பது தடை. திரும்பப் பெறச் சொன்னார்கள், பெறவில்லை. வெளியேற்றப்பட்டார். ஓர் ஆண்டுக்கு முன் அவர் மொழிக்கு எழுந்து நின்று கைதட்டிய அதே அவை. அன்று புரியாத மொழியில் எதையும் சொல்லலாம் என்றார்கள். இன்று எல்லோருக்கும் புரிகிற மொழியில் ஒரு சொல் கூடாது என்றார்கள்.

சட்டம் நிறைவேறிய அதே ஜூனில் முதல்வர், தங்கச் சுரங்கத்தை மடியில் வைத்துக்கொண்டு எந்நேரமும் அரசிடம் கையேந்தி வரக்கூடாது என்ற தொனியில் பேசி, எதிர்ப்புக் கிளம்பியதும் மறுநாள் தலைவர்களிடம் மன்னிப்புக் கேட்டார். ஜூலையில் ஒன்பது முதற்குடிச் சமூகங்கள் இந்தச் சட்டத்தையும், இதே போக்கில் ஒட்டாவா இயற்றிய சட்டத்தையும் எதிர்த்து நீதிமன்றம் போயின.

வடக்கு முழுவதும் ஒரே குரலில் ‘வேண்டாம்’ என்கிறது என்று எழுதினால் அது பொய்யாகும். வெபெக்கியும் மார்ட்டன் ஃபால்ஸும் சுரங்கப் பகுதியை நெடுஞ்சாலையோடு இணைக்கும் பாதைகளுக்குத் தாங்களே முன்மொழிபவர்களாக இருந்து சுற்றுச்சூழல் மதிப்பீட்டை நடத்துகிறார்கள். விமானத்தில் வரும் பாலுக்கு விலை கொடுத்துக் களைத்தவர்கள் சாலை கேட்பதில் ஆச்சரியம் என்ன. மமாக்வா இவர்களுக்கும் உறுப்பினர், எதிர்ப்பவர்களுக்கும் உறுப்பினர். அதனால்தான் அவர் பேச்சைக் கூர்ந்து கவனித்தால் சாலை கூடாது என்பதைவிட, எங்களைக் கேட்காமல் கூடாது என்பதே அடிக்கடி வரும். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு அது நழுவல் போலத் தெரியலாம். தொகுதியே அப்படித்தான் பிளந்து கிடக்கிறது.

எதிர்ப்பவர்களில் முன்னே நிற்பது நெஸ்கன்டாகா. அட்டாவாபிஸ்கட் ஏரிக்கரையில் இருக்கும் சிறு சமூகம். திட்டமிட்ட பாதை அட்டாவாபிஸ்கட் ஆற்றைக் கடந்தாக வேண்டும். அந்த ஆறு எங்களுடையது, எங்கள் சம்மதம் இல்லாமல் பாலம் கூடாது என்கிறார்கள். அந்த ஊரில் குழாய்த் தண்ணீரைக் கொதிக்க வைக்காமல் குடிக்காதீர்கள் என்ற அறிவிப்பு 1995 பிப்ரவரியில் வந்தது. கனடாவில் மிக நீண்ட காலமாக நடப்பில் இருக்கும் குடிநீர் எச்சரிக்கை அது. 2020 அக்டோபரில் நீர்த்தேக்கத்தில் எண்ணெய்ப் படலம் தெரிந்து, ஊர்க்காரர்களை விமானத்தில் தண்டர் பேக்குக் கொண்டுபோய் ஹோட்டலில் வைத்தார்கள். அறிவிப்பு வந்த ஆண்டில் பிறந்த குழந்தைக்கு இப்போது முப்பது வயது தாண்டிவிட்டது. அந்த ஊருக்குத்தான் இப்போது பாலம் பற்றிக் கருத்துக் கேட்டுக் கடிதங்கள் போகின்றன. தண்ணீர் ஒட்டாவாவின் கோப்பில், பாலம் ரொறன்ரோவின் கோப்பில்.